வெளிநாட்டு அளவுகோலை வைத்து நம் கல்லூரியின் ஊர்ப்பணியை மதிப்பிடுவது எப்படி?

கல்லூரியில் புதிதாக உங்களிடம் விரிவாக்கப் பணி (கல்லூரி வெளியே போய் ஊருக்குச் செய்யும் வேலை) ஒருங்கிணைப்பாளர் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்.எஸ்.எஸ்., இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், மத்திய அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டமான உன்னத் பாரத் அபியான் கோப்புகள் எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேரும். கூடவே முதல்வர் அறையிலிருந்து ஓர் உத்தரவும் வரும்: "வெளிநாட்டுல இதுக்கெல்லாம் ஸ்டாண்டர்ட் டூல் இருக்காம்ல, அதை வச்சு நம்ம காலேஜ அளந்து ஒரு ரிப்போர்ட் குடுங்க."

அந்த ரிப்போர்ட்டை எழுதப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். மதுரையையும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை, கல்லூரி தன்னைப் பற்றித் தானே விடை எழுதும் தேர்வு மாதிரி. ஊர்க்காரர் மதிப்பெண் போடும் இடம் அவற்றில் ரொம்பக் குறைச்சல். கேள்விகளைத் தமிழில் மாற்றுவது பிந்திய வேலை. யார் பதில் சொல்கிறார் என்பதை மாற்றுவதுதான் முந்திய வேலை. அதைச் செய்யாவிட்டால் ஏற்கெனவே நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) கோப்பில் இருப்பதையே இன்னொரு அட்டை போட்டு வைத்ததாகத்தான் ஆகும்.

முதல் படி: எதற்காக அளக்கிறோம் என்று எழுதி வாங்குங்கள்

நம்மூரில் ஏற்கெனவே அளவுகோல்கள் இல்லாமல் இல்லை. நாக்கின் மூன்றாவது அளவுகோலில் ஆய்வோடு சேர்த்து விரிவாக்கப் பணியும் வருகிறது. மத்திய அரசு கல்லூரிகளுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 'அவுட்ரீச்' என்ற பெயரில் 10 சதவீதம் எடை உண்டு. ஆனால் அது பார்ப்பது வெளிமாநில மாணவர், பெண்கள், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி போன்றவற்றை. பக்கத்துக் கிராமத்துக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அது கேட்பதில்லை. யு.ஜி.சி. வெளியிட்ட சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல் இரண்டு கிரெடிட், 30 மணி நேரப் பாடம் ஒன்றைச் சொல்கிறது. அதில் பாதி நேரம் களத்தில் கழிய வேண்டும்.

இவை எல்லாம் எண்ணிக்கை கேட்பவை. எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர், எத்தனை விருது என்ற கணக்கு. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை பெருகும். அதனால்தான் ஒரே மரக்கன்று நடும் விழா மூன்று அமைப்புகளின் பெயரில் மூன்று பேனருடன், ஜியோ டேக் போட்ட மூன்று போட்டோவாகக் கோப்பில் ஏறுகிறது. இதில் யாரையும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கேட்கிற விதம் அப்படி.

வெளிநாட்டுக் கருவியைத் தேடிப் போவதற்கு நியாயமான காரணம் ஒன்றே. பணியின் தரத்தைப் பற்றி அது ஏதாவது கேட்கிறது. ஆகவே முதல்வரிடம் உட்கார்ந்து, இந்த மதிப்பீடு கல்லூரி கற்றுக்கொள்வதற்கு, முதல் ஆண்டு மதிப்பெண் நாக் கோப்புக்குப் போகாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாமல் தொடங்காதீர்கள். எல்லாக் கட்டத்திலும் ஐந்துக்கு ஐந்து வேண்டும் என்ற நெருக்கடி மூன்றாம் மாதத்தில் கட்டாயம் வரும். அப்போது அந்த ஒரு பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுப்பது

நான்கைத் தெரிந்துகொண்டால் போதும்.

அமெரிக்காவின் கார்னகி சமூக ஈடுபாட்டு வகைப்பாடு 2006 முதல் இருக்கிறது. கல்லூரி தானாக முன்வந்து விண்ணப்பிக்கும், நீண்ட படிவம், ஒவ்வொரு விடைக்கும் சான்று. தரவரிசை போடாது, தகுதி உண்டா இல்லையா என்பதோடு சரி. அயர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் இதைத் தங்கள் நாட்டுக்குப் பொருத்திப் பார்த்தன. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கே நேரடியாகப் பொருந்தவில்லை என்றால் நமக்கு எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு பிரிவும் ஆளும் இல்லாத கல்லூரிக்கு அந்தப் படிவத்தை நிரப்புவது கஷ்டம்.

அமெரிக்காவிலிருந்தே ஆண்ட்ரூ ஃபர்கோவின் சேவைக் கற்றல் (ஊர்ப்பணியைப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது) தன்மதிப்பீட்டு அட்டவணை. 1999-இல் வந்து பிறகு திருத்தப்பட்டது. ஐந்து பரிமாணம், ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. சில பக்கங்கள்தான். ஒரு துறையோ நடுத்தரக் கல்லூரியோ தொடங்குவதற்கு இதுவே வசதி.

பிரிட்டனில் பொது ஈடுபாட்டுக்கான தேசிய ஒருங்கிணைப்பு மையம் 'எட்ஜ்' என்ற கருவியை வைத்திருக்கிறது. ஒன்பது தலைப்பு, நான்கு நிலை. நிர்வாகக் குழு ஒரு மதியம் உட்கார்ந்து பேச நல்லது. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

நான்காவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியில் உருவான டெஃப்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன், நெதர்லாந்தின் ட்வென்ட்டே, குரோவேஷியாவின் ரியேக்கா, அயர்லாந்தின் டப்ளின் ஆகிய இடங்களின் நான்கு பல்கலைக்கழகங்களில் சோதித்தார்கள். ஏழு பரிமாணம், இருபது உட்பிரிவு, ஐந்து நிலை. முடிவை ஒற்றை மதிப்பெண்ணாகத் தராமல் நிறம் தீட்டிய கட்டமாகத் தருகிறது. எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல் என்று ஒரே பார்வையில் தெரியும். தரவரிசைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். உரையாடலை மதிப்பீட்டின் ஒரு கட்டமாகவே வைத்திருப்பதும் இதில்தான்.

என் யோசனை இது: அடிப்படைச் சட்டகத்துக்கு ஃபர்கோவை எடுங்கள், 'திறந்த கதவு', 'தொடர்ச்சி' பற்றிய கேள்விகளை டெஃப்சியிலிருந்து சேருங்கள். உரிமப் பக்கத்தைப் படியுங்கள். திருத்திப் பயன்படுத்த அனுமதி தெளிவாக இல்லையென்றால் உருவாக்கியவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பெரும்பாலும் மகிழ்ந்து பதில் போடுவார்கள். உங்கள் அறிக்கையில் 'தழுவியது' என்று தெளிவாகப் போடுங்கள். கேள்விகளைப் பாதிக்குப் பாதி மாற்றிவிட்டு அமெரிக்கக் கல்லூரியோடு மதிப்பெண்ணை ஒப்பிடுவது அர்த்தமில்லாத வேலை.

மூன்றாம் படி: கேள்விகளை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

ஃபர்கோவின் அட்டவணையை எடுத்து எண்ணிப் பாருங்கள். மொத்தம் 22 கூறுகள். நிறுவன ஆதரவுக்கு 7. கொள்கைக்கு 4, ஆசிரியருக்கு 4, மாணவருக்கு 4. சமூகத்துக்கு 3. எட்ஜில் ஒன்பது தலைப்பில் 'பொதுமக்கள்' ஒன்று. நான் மேலே சொன்ன நிலைப்பாட்டுக்கு இந்த எண்களே சாட்சி.

இப்போது பென்சிலை எடுத்து ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே வைக்கலாம், மாற்ற வேண்டும், தள்ளலாம் என்று பிரியுங்கள். தனியாகச் செய்யாதீர்கள். எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவு ஆசிரியர் ஒருவர், எஸ்.எஃப். (சுயநிதி) பிரிவு ஆசிரியர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கட்டும். நம் கல்லூரிகளில் களப்பணியின் பெரும்பகுதி எஸ்.எஃப். ஆசிரியர் தலையில்தான் விழுகிறது. 'ஆசிரியருக்கு ஊக்கமும் அங்கீகாரமும்' என்ற கேள்விக்கு இருவரும் சொல்லும் பதில் ஒன்றாக இருக்காது. இருவருக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

எங்கே மாற்ற வேண்டியிருக்கும் என்பதற்குச் சில மாதிரிகள்.

'சமூக ஈடுபாட்டுப் பாடத்தில் எத்தனை சதவீத மாணவர் பங்கேற்கிறார்கள்?' அங்கே இது நல்ல கேள்வி. இங்கே பகுதி ஐந்து என்று விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட் இருக்கிறது. அது முடிக்காமல் பட்டம் இல்லை. ஆகவே எல்லாக் கல்லூரியும் 100 என்று எழுதும். இதைத் தள்ளிவிட்டு, 'வகுப்பில் படித்த ஒன்றை ஊரில் பயன்படுத்திய மாணவர் எத்தனை பேர், எந்தத் தாளில்?' என்று கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி இதற்குப் பாடத்திட்டத்தையே மாற்றிப் பதில் சொல்லலாம். மற்ற இணைவுக் கல்லூரிகள் காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைத் தாண்ட முடியாது. அவற்றுக்குச் செய்முறை, புராஜெக்ட் அளவில் கேட்பதே நியாயம்.

'சமூகக் கூட்டாளி அமைப்புகளுக்கு உங்கள் நோக்கம் தெரியுமா?' அங்கே கூட்டாளி என்றால் அலுவலகமும் லெட்டர்பேடும் உள்ள அமைப்பு. இங்கே அப்படிப்பட்டவையும் உண்டு. தானம் அறக்கட்டளை மதுரையிலிருந்துதான் வயலகம் என்ற பெயரில் கண்மாய்ப் பாசனக்காரர்களை ஒன்றுசேர்த்தது. ஆனால் நம் பெரும்பாலான முகாம்கள் நேரே ஓர் ஊருக்குப் போகின்றன. ஊருக்கு லெட்டர்பேடு கிடையாது. ஆகவே யாரிடம் கேட்பது என்பதைக் கேள்வியிலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும்: ஊராட்சிச் செயலர், மகளிர் குழுத் தலைவி, பாசன சங்கத்தார், அங்கன்வாடிப் பணியாளர், தலைமையாசிரியர், கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிறவர்.

'பல்கலைக்கழக வசதிகள் வெளியாருக்குத் திறந்திருக்கின்றனவா?' டெஃப்சியின் அருமையான கேள்வி. விதிமுறைப் புத்தகத்தில் விடை தேடாதீர்கள். கல்லூரி கேட்டுக்குப் போய் நில்லுங்கள். பக்கத்துத் தெருப் பையன் சாயங்காலம் மைதானத்தில் பந்து விளையாட வந்தால் வாட்ச்மேன் என்ன சொல்கிறார்? கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறவரை வேதியியல் ஆய்வகம் உள்ளே விடுமா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வெளியூர்ப் பெண் நூலகத்தில் உட்காரலாமா? இந்த மூன்றும் போதும்.

இனி, எந்த வெளிநாட்டுக் கருவியிலும் இல்லாத, நீங்களே சேர்க்க வேண்டிய கேள்விகள். இதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஊர் என்பது ஒற்றைக் குரல் கிடையாது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'சமூகத்தின் கருத்து' என்று ஒருமையில் எழுதினால், யாருடைய கருத்து என்று கேட்பவர் வாயை அடைத்ததாகத்தான் பொருள். ஆகவே ஏழு நாள் சிறப்பு முகாமைப் பற்றி இப்படிக் கேளுங்கள். மாணவர்கள் எங்கே தங்கினார்கள்? பள்ளிக்கூடமா, கோவில் மண்டபமா? அந்த இடத்துக்குக் காலனிக்காரர் தாராளமாக வந்துபோக முடிகிறதா? சமைத்தது யார்? தண்ணீர் எந்தக் குழாயில்? மருத்துவ முகாம் எந்தத் தெருவில் போடப்பட்டது? காலனிக்குள் எத்தனை நாள் வேலை நடந்தது, அங்கே என்ன வேலை வேண்டும் என்று யார் சொன்னார்? இவற்றுக்குப் பதில் எழுத உட்கார்ந்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும்.

இன்னொன்று: ஊர் எப்போதாவது 'இது வேண்டாம்' என்று சொல்லி, கல்லூரி அதைக் கேட்டிருக்கிறதா? ஃபர்கோவின் 'சமூகக் கூட்டாளியின் குரலும் தலைமையும்' என்ற கூறுக்கு நான் வைக்கும் ஒரே கேள்வி இதுதான். ஒரு சம்பவத்தையாவது சொல்ல முடிந்தால் அந்தக் கல்லூரியில் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் படி: படிநிலைகளை ஊர் வேலையைக் கொண்டு எழுதுங்கள்

'ஆரம்ப நிலை, வளரும் நிலை, நிலைபெற்ற நிலை' என்று எழுதி வைத்தால் ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு நிலைக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது கண்மாய். அதையே வைத்து ஐந்து நிலை எழுதிக் காட்டுகிறேன்.

நிலை ஒன்று: நீர்நிலை காப்போம் என்று பேரணி, பேனர், உறுதிமொழி, போட்டோ. மாணவர் கண்மாய்க்குள் இறங்கவில்லை.

நிலை இரண்டு: ஒரு நாள் இறங்கி பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். அடுத்த மாதம் பழையபடி.

நிலை மூன்று: பாசன சங்கத்தாரைக் கலந்துகொண்டு சீமைக்கருவேலம் வெட்டினார்கள். ஆனால் எந்த வேலை, எந்தத் தேதி என்பதைக் கல்லூரி முடிவு செய்து சொன்னது.

நிலை நான்கு: வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஊர் கேட்டது. மாணவர்கள் கால்வாயோடு நடந்து அளந்து, கலுங்கு, மடை, ஆக்கிரமிப்பு எல்லாம் குறித்த படத்தைத் தமிழில் ஊராட்சியிடம் கொடுத்தார்கள்.

நிலை ஐந்து: அந்தப் படத்தை வைத்து ஊரார் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் திரும்ப வந்து என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். மடை திறப்பவர் புவியியல் வகுப்புக்கு வந்து, எந்தக் கண்மாய் நிறைந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். அதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. கல்லூரியின் கையில் இல்லாததற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் முன்பு பொதுப்பணித் துறையிடமும் இப்போது நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மரம் வெட்டவோ மண் எடுக்கவோ அனுமதி வேண்டும். அனுமதி வராததால் நின்ற வேலையை 'கல்லூரி செய்யவில்லை' என்று எழுதக் கூடாது. எந்தத் தேதியில் மனு கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

கண்மாய் இல்லாத வேலைகளுக்கும் இதேபோல எழுதலாம். கண் மருத்துவ முகாம், சுங்குடித் தொழிலாளர் தெருவில் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது, கீழடி பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது எதுவானாலும் சரி. எல்லாவற்றிலும் ஏணி ஒன்றே: மேலே போகப் போக முடிவெடுப்பவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வாய்விட்டுச் சோதியுங்கள்

எழுதிய கேள்விகளை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஐந்தாறு பேரிடம் படித்துக் காட்டி, "இதுல என்ன கேக்குறோம்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். நீங்கள் நினைத்ததும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் கேள்வி தேறிவிட்டது. இல்லையென்றால் கேள்விதான் கோளாறு. அலுவலக நடையில் எழுதிய கேள்வி இங்கேயே விழுந்துவிடும். பேச்சு நடைக்குக் கூச்சப்படாதீர்கள்.

முழுவதும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன் என்ற ஐந்து படிக் கேள்வி கிராமத்தில் எடுபடாது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் "நல்லாத்தேன் செஞ்சாக" என்பார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைகளைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. கல்லூரி என்றால் அட்மிஷன், சிபாரிசு என்று நாளைக்கு ஏதாவது தேவைப்படும் என்ற நினைப்பும் உள்ளே இருக்கும். ஆகவே கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். "போன தடவை பிள்ளைங்க வந்தப்ப மொதல்ல யாரப் பாத்தாங்க? எந்தத் தெருவுக்குப் போனாங்க? நட்டுட்டுப் போன கன்னு இப்ப எங்க இருக்கு, யாரு தண்ணி ஊத்துறா?" கடைசிக் கேள்விக்கு நடந்துபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: ஊர் மதிப்பெண் போடும் நாள்

முகாமுக்கு வந்த அதே மாணவர்கள் இதை நடத்தக் கூடாது. பக்கத்துக் கல்லூரியோடு பேசிக்கொள்ளுங்கள். அவர்கள் மாணவர் உங்கள் ஊருக்கு, உங்கள் மாணவர் அவர்கள் ஊருக்கு. நம்மைச் சுற்றி அனுபவம் உள்ள இடங்களும் குறைவில்லை. காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மாணவரைக் கிராமத்தில் தங்கவைத்துப் பழக்கிய இடம். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் 'ராவே' என்ற கிராமப்புற வேளாண் களப்பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் கிராமங்களில் தங்கித்தான் படிப்பை முடிக்கிறார்கள். லேடி டோக் கல்லூரி சேவைக் கற்றலைப் பாடத்தோடு பல ஆண்டுகளாகச் சேர்த்துச் செய்துவருகிறது. எதையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நாள் பார்ப்பது முக்கியம். சித்திரைத் திருவிழா, பொங்கலை ஒட்டிய ஜல்லிக்கட்டு நாட்கள், நடவு, அறுப்பு எல்லாம் தள்ளுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வரும் நேரம் எதுவென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிகை போட்டிருக்கும் ஊர் என்றால் காலையில் ஒருவரும் கிடைக்கமாட்டார்கள்; விடிவதற்குள் பூ எடுத்து மாட்டுத்தாவணிக்கு அனுப்பியாக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் போங்கள். உட்கார்கிறவர்களுக்கு அரை நாள் கூலி கொடுத்துவிடுங்கள். டீயும் வடையும் கூலி ஆகாது. இந்தச் செலவை முதல்வரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வைத்தால் பிறகு பில் விஷயத்தில் தலைவலி இல்லை.

மூன்று வட்டமாக உட்காரவையுங்கள்: ஊரின் ஆண்கள், பெண்கள், காலனிக்காரர். மூன்றும் வெவ்வேறு இடத்தில், முடிந்தால் ஒரே நேரத்தில். தரையில் சாக்பீஸால் ஆறேழு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரையுங்கள்: கண்மாய், பள்ளிக்கூடம், ஊசி மருந்து, புத்தகம், பேனர். "பிள்ளைங்க செஞ்சதுல எது உங்களுக்கு உதவுச்சு?" என்று கேட்டு ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுங்கள். உதவிய கட்டத்தில் அதிகம், உதவாததில் ஒன்றும் வேண்டாம். கொட்டையை எண்ணுவது எளிது. ஆனால் ஒரு மாணவர் எண்ணாமல், கொட்டை வைக்கும்போது வாயில் வருவதை மட்டும் எழுதிக்கொண்டிருக்கட்டும். ஒரு அம்மா பேனர் கட்டத்தில் மூன்று கொட்டை வைத்துவிட்டு, "மழைக்கு ஆட்டுக் கொட்டாய்க்கு மேல போட்டுக்கிட்டோம்ல" என்று சொன்னால், அந்த மூன்றுக்கு நீங்கள் நினைத்த பொருள் இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

பிறகு அவர்களுக்கு ஐந்து நிலைகளையும் படித்துக் காட்டி, கல்லூரி எதில் நிற்கிறது என்று கேளுங்கள். மூன்று வட்டமும் வேறு வேறு எண் சொன்னால் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்; ஒன்றாக்க முயல வேண்டாம். பேசியவர் பெயரைக் குறிக்காதீர்கள். போட்டோ எடுப்பதானால் கேட்டு எடுங்கள், அதுவும் கடைசியில்.

ஏழாம் படி: கணக்கு

இதை நீட்ட விரும்பவில்லை. கேள்விகள் பொருத்தமா என்று பார்க்க நிபுணர் குழு வைப்பது வழக்கம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்வியும் பொருந்துமா என்று சொல்ல, பொருந்தும் என்றவர்களின் பங்கைக் கணக்கிடுவார்கள். ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 0.78-க்குக் கீழ் வரும் கேள்வியைத் திருத்த வேண்டும் என்பது பொதுவான அளவு. நான் கூட்டுவது ஒன்றே: அந்த நிபுணர்களில் பாதிப்பேர் முனைவர் பட்டம் இல்லாத ஊர்க்காரராக இருக்கட்டும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கிரான்பாக் ஆல்ஃபா கணக்கை விட்டுவிடுங்கள். ஆறேழு பேர் போட்ட படிநிலை அட்டவணைக்கு அது பொருந்தாது. புள்ளியியல் துறை நண்பர் ஆசையாகப் போட்டுத் தந்தாலும் அறிக்கையில் சேர்க்காதீர்கள்.

கல்லூரிக் குழு போட்ட எண்ணையும் ஊர் போட்ட எண்ணையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய பெரிய தவறு. கல்லூரி 5 என்கிறது, ஊர் ஆண்கள் 4, காலனி 1 என்றால் சராசரி 3.3 என்று அழகாக வரும். யாருக்கும் ஒன்றும் விளங்காது. டெஃப்சி மாதிரி நிறக்கட்டம் போடுங்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நான்கு வரிசையாக: கல்லூரி, ஆண்கள், பெண்கள், காலனி. எந்த வரியில் நிறம் அதிகம் முரண்படுகிறதோ அங்கேதான் அடுத்த ஆண்டு வேலை.

எட்டாம் படி: முடிவை ஊருக்கு எடுத்துப் போங்கள்

கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவான ஐ.க்யூ.ஏ.சி.க்கு முப்பது பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில். அதில் மூன்று விஷயம் போதும்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்யப்போவது, யார் எப்போது செய்வார். ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் காலனியின் சமுதாயக்கூடத்திலும் ஒட்டுங்கள்.

கிராம சபையில் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் கூடுகிறது. மே 1 உங்களுக்குத் தேர்வுக் காலம். மார்ச் 22 தண்ணீர் நாள் என்பதால் கண்மாய் பற்றிய அறிக்கைக்குப் பொருத்தம். செயலரிடம் முன்கூட்டியே சொல்லிப் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய் மைக் கேட்டால் கிடைக்காது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த ஆண்டு அதே கருவியை அப்படியே திரும்பப் போடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் கேள்வியைத் திருத்திக்கொண்டிருந்தால் எது முன்னேறியது என்று சொல்ல முடியாது. கட்டாயம் மாற்ற வேண்டும் என்றால் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் தொட வேண்டாம். எது மாறியது, ஏன் என்று ஓரத்தில் தேதியோடு குறியுங்கள்.

கடைசியாகக் கோப்பு. நம் கல்லூரிகளில் ஜூன் மாதம் பொறுப்பு மாறும். என்.எஸ்.எஸ். அலுவலர் மாறினால் தத்தெடுத்த ஊரும் சில சமயம் மாறிவிடுகிறது. கருவி, நான்கு வரிசைக் கட்டம், ஊருக்குக் கொடுத்த ஒரு பக்கம், ஊரில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, புதியவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை ஊருக்குப் போய், மடைக்காரரிடமும் குழுத் தலைவியிடமும் காலனியில் பேசியவர்களிடமும் நேரில் அறிமுகம் செய்துவிட்டுப் பொறுப்பைக் கொடுங்கள்.